குலைநோய் வயலுக்கு எந்த மசூரி?

ஆந்திராவில் சத்தியவேடு, பிச்சாட்டூர், நகரிப் பக்கம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடும் நம்மவர்கள் சம்பாவுக்கு முன் கேட்பது ஒன்றுதான்: பிபிடி என்ற பழைய நெல் ரகத்திலேயே இருக்கலாமா, மாறலாமா? நெற்பயிரைப் பிடிக்கும் பூஞ்சை நோயான குலைநோய் வழக்கமாக வருகிற வயல் என்றால் மாறுங்கள், நெல்லூர் மசூரிக்கு. என் கட்சி அதுதான்.

பிபிடி 5204-ஐ, அதாவது சாம்பா மசூரியை, சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்பதும் தெரியும். 1986-ல் ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம். தமிழ்நாட்டுக் கடைகளில் ‘ஆந்திரா பொன்னி’ என்று விற்பதும் இதுதான். சன்ன அரிசி, சோறு நன்றாக இருக்கும், மில்காரரும் மறுபேச்சில்லாமல் எடுப்பார். ஆனால் குலைநோயைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டுவிட்டுப் பெய்து, ராத்திரி குளிர்ந்து, இலை விடியவிடிய ஈரமாகவே கிடந்தால் பூஞ்சைக்கு அது போதும். இலையில் கண் வடிவப் புள்ளியோடு நின்றால் பயிர் தேறிவிடும். கதிர்க் கழுத்தைப் பிடித்தால் பால் ஏறாது, கதிர் வெளுத்துப் பதராகிவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் இன்னும் மோசம். டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம் கலந்து அடித்தால் கட்டுப்படும்தான்; மழைக்கு நடுவே அடிக்க ஆள் வேண்டுமே.

அடுத்தது மேம்பட்ட சாம்பா மசூரி. 2008-ல் ஐதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, பிபிடிக்குள் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றிக் கொடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் அந்த மூன்றும் வேறு நோயான பாக்டீரியா இலைக்கருகலுக்கானவை. ‘நோய் தாங்கும் விதை’ என்று யாரோ சொன்னதை நம்பிக் குலைநோய்க்காக இதை வாங்குவது வீண் செலவு.

நெல்லூர் மசூரி, அதாவது என்எல்ஆர் 34449, ஐஆர் 72-ஐயும் பிபிடியையும் ஒட்டுச் சேர்த்து நெல்லூர் ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்தது. அரிசி சன்னம். குலைநோயையும் தாங்கும். இப்படித் தாங்குகிற ரகத்தைத் தேர்வு செய்கிறவர்கள் நோயை வேண்டுமென்றே வரவழைப்பார்கள்: நாற்றை நெருக்கி விதைத்து, சுற்றிலும் நோய் பிடிக்கும் ரகத்தைப் போட்டு, தழைச்சத்தைக் கூட்டி, இலையை நனைத்துக்கொண்டே இருந்து, தாக்குதலுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். அறுவடைக்கு வர பிபிடி 145 நாளுக்கு மேல் இழுக்கும், நெல்லூர் மசூரி சுமார் 120-125 நாள். ஏரி கடைசித் தண்ணீருக்குக் கைவிடும் ஊரில் அந்த மூன்று வாரம் பெரிது.

இந்தத் தாங்குதிறன் நிரந்தரமா? இல்லை. குலைநோய்ப் பூஞ்சை சீக்கிரம் மாறும். ஒரே மரபணுவை நம்பிய ரகங்கள் பல நாடுகளில் சில வருஷத்திலேயே தோற்றிருக்கின்றன. அதனால்தான் வியட்நாமின் டெடெப் நெல்லில் கண்ட பிஐ 54 போன்ற எதிர்ப்பு மரபணுக்களை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஏற்றுகிறார்கள். ஊர் முழுக்க ஒரே விதையாகப் போடாமல் இருப்பதும் நல்லது. மாறுவதாக இருந்தால், விதை வாங்குமுன் மில்லில் விலையைப் பேசிவிடுங்கள்.

இலையுறைக் கருகல் வேறு பூஞ்சையால் வரும் நோய். அதை முழுதாகத் தடுக்கும் நெல் இதுவரை இல்லை, மூன்றில் எதைப் போட்டாலும் வரும். இடைவெளி விட்டு நடுங்கள், வரப்புப் புல்லை வெட்டுங்கள், நோய் கண்ட வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பாதீர்கள்.