பேட்டரியைக் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள்: பழைய பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ், ஏரியல், டிரயம்ஃப், ரெட்டிச்சில் செய்த புல்லட், எதுவானாலும் சரி. "ஒரிஜினலா ரீஸ்டோர் பண்ணித் தரேன்" என்று வண்டியை வாங்கி, உள்ளே இருக்கிற நல்ல சாமான்களை உருவிக்கொண்டு, வெளியே மட்டும் மெருகேற்றித் திருப்பிக் கொடுக்கிற வேலை நம் பக்கம் நடக்கிறது. எனக்கு நடந்தது. பட்டறையின் பெயரையும் ஆளின் பெயரையும் இப்போது போடக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

வண்டி பி.எஸ்.ஏ. எம்20. 496 சி.சி., ஒற்றை சிலிண்டர், சைடு வால்வு. முன்னால் பழைய காலத்து ஸ்பிரிங் வைத்த கர்டர் ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷனே கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் எல்லாம். பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போருக்காக ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளிய பட்டாளத்து வண்டி. சக்தி வெறும் 13 குதிரைத் திறன். வேகமெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் வயல் வரப்பு ஓரத்தில் முதல் கியரில் நடக்கிற வேகத்தில் போனாலும் திணறாது. போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்டதில் ஒன்றைத் தாத்தா ஏலத்தில் எடுத்து 1948-இல் பதிவு செய்தார். அரவை மில்லுக்கு அதில்தான் போவார். அப்பாவும் ஓட்டினார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகை சரிந்து டேங்க்கும் முன் மட்கார்டும் நசுங்கின. அதிலிருந்து வண்டி நின்றுவிட்டது.

பட்டறைக்காரரைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆளுக்கு வேலை தெரியும், அதுதான் இதில் முக்கியம். மேக்டைனமோவை (ஸ்பார்க் கொடுக்கும் மேக்னட்டோவும் விளக்குக்கான டைனமோவும் சேர்ந்த ஒரே சாமான்) கழற்றாமலேயே அது லூகாஸ் கம்பெனியுடையது என்றும், கார்புரேட்டர் அமால் 276 என்றும் சொன்னார். என்ஜின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் 'டபிள்யூ' போர்க்காலத்து அடையாளம் என்றும் சொன்னார். "அண்ணே, இது வண்டி இல்லண்ணே, சொத்து" என்றார். எது எவ்வளவு பெறும் என்று தெரிந்த ஆளிடம்தான் மாட்டியிருக்கிறோம் என்று பிற்பாடுதான் விளங்கியது. ஒன்றும் தெரியாத மெக்கானிக் வண்டியைக் கெடுப்பான், அவ்வளவுதான். தெரிந்தவன் எதை எடுக்க வேண்டும் என்று பார்த்து எடுப்பான்.

மொத்தம் 1,80,000 ரூபாய் பேசினோம். 1,20,000 முன்பணமாகப் போனது. நடுவில் ஒரு நாள் கர்டர் ஃபோர்க்கை எடுத்துவிட்டுப் புல்லட் ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் போட்டால் "செம லுக்கா இருக்கும்ணே" என்று ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பாபர், கஃபே ரேசர் என்று வண்டியை அறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வேண்டாம் என்றதும் அவர் வற்புறுத்தவில்லை. கழற்றிய ஃபோர்க் தன் பட்டறையிலேயே தங்கும் என்ற கணக்கில் கேட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு இழுத்தடிப்பு. ஆடிப்பெருக்கு முடியட்டும், அறுவடைக்கு ஆள் போயிட்டாங்க, டிங்கரிங் பண்றவருக்கு வீட்டில் விசேஷம். ஐப்பசியில் கேட்டால், "இந்த ஈரத்துல பெயிண்ட் அடிச்சா பூத்துடும்ணே" என்றார். அது ஒன்று மட்டும் உண்மை. மழைக்காலக் காற்றில் பெயிண்ட் வெளுத்துப் போவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தை பிறந்து வண்டி வந்தது. புறப்பாட்டுக்கு நிற்கும் உற்சவர் மாதிரி மின்னியது. ஹேண்டில் பார், ரிம், கர்டர் ஸ்பிரிங், கிக்கர் எல்லாவற்றிலும் குரோம். போர்க்கால எம்20-இல் குரோம் அபூர்வம், ஸ்பிரிங்குக்கெல்லாம் கருப்பு பெயிண்ட்தான். என் மைத்துனர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, கும்பகோணம் பாத்திரக் கடையில கொடுத்து வாங்கின மாதிரியில்ல இருக்கு" என்றார். சிரித்துவிட்டு மீதிப் பணத்தில் பெரும்பகுதியையும் கொடுத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதே, அந்தச் சந்தோஷம்.

ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதுதான் முதல் சந்தேகத்தையும் கிளப்பியது. மேக்னட்டோ வண்டிக்கு ஒரு சடங்கு உண்டு. கார்புரேட்டரில் இருக்கும் டிக்ளர் என்ற சின்னப் பித்தானை அழுத்திப் பெட்ரோலால் நனைக்க வேண்டும், ஹேண்டிலில் இருக்கும் லீவரால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் பின்வாங்க வைக்க வேண்டும், எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிவிடும் லிஃப்ட்டரைப் பிடித்துப் பிஸ்டனை நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம்தான் உதை. இந்த வண்டி எதையும் கேட்கவில்லை. லீவரை முன்னும் பின்னும் தள்ளினேன், என்ஜின் சத்தத்தில் இம்மியும் மாற்றமில்லை. கேபிள் உள்ளே எதிலும் மாட்டவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு உதைத்தேன். பேச்சு மூச்சில்லை.

மேக்னட்டோ வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். மேக்னட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்த 6 வோல்ட் பேட்டரி விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும்தான். பேட்டரியே இல்லாமல் தாத்தா வருஷக் கணக்கில் ஓட்டியிருக்கிறார். பேட்டரியை எடுத்ததும் எம்20 நின்றுபோனால் உள்ளே மேக்னட்டோ இல்லை என்று அர்த்தம். மூடியைத் திறந்தேன். லூகாஸ் என்று எழுதிய கூடு இருந்தது. ஆர்மெச்சர், காந்தம், கான்டாக்ட் பிரேக்கர் எதுவும் இல்லை. ஏதோ இந்திய வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டியை உள்ளே திணித்து, காயிலை டேங்க்குக்கு அடியில் ஒளித்திருந்தார்கள். கார்புரேட்டர் புல்லட்டின் மிக்கார்ப். அதன் மேல் பெயிண்ட் அடித்து, பழைய அமால் மூடியை ஒட்டியிருந்தார்கள். இந்த மூடி வேலைக்குச் செலவழித்த மூளையை நேர்மையான வேலைக்குச் செலவழித்திருந்தால் அவர் பட்டறை எங்கேயோ போயிருக்கும்.

ஃபோனில் கேட்டேன். "அண்ணே, அந்த மேக்னட்டோ செத்துப் போச்சுண்ணே. சூடானா ஸ்பார்க் விட்டுடும். காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டேன்." சூடானால் ஸ்பார்க் விடுவது பழைய மேக்னட்டோக்களுக்கு வழக்கமாக வரும் கோளாறு. ஆர்மெச்சர் காயிலைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரை மாற்றினால் இன்னும் பல வருஷம் உழைக்கும். இது தெரியாத ஆள் இல்லை அவர். லூகாஸ் மேக்டைனமோவை எடைக்குப் போடுகிற அளவுக்கு விவரம் இல்லாதவரும் இல்லை.

அடுத்தது மரை. நீடாமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். லிஸ்டர், பீட்டர், ரஸ்டன் என்று வயலுக்குத் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜின்களை ஆயுள் முழுக்கச் சரிசெய்தவர். இங்கிலாந்து மரையெல்லாம் அவருக்கு விரல் நுனியில். பழைய இங்கிலாந்து அளவான விட்வொர்த் ஸ்பேனரை எடுத்து என்ஜின் போல்ட்டில் வைத்தார், சேரவில்லை. 13 எம்.எம். ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. "என்னப்பா, வெள்ளைக்காரன் வண்டில மெட்ரிக் போல்ட் எங்கேருந்து வந்துச்சு?" என்றார். அங்குலத்துக்கு 26 சுற்று வரும், 'சைக்கிள் மரை' என்று சொல்லும் இங்கிலாந்து மரை இருந்த துளைகளைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை வெட்டியிருந்தார்கள். சாமானையாவது தேடி வாங்கலாம். அலுமினியத்தில் தின்றுவிட்ட மரையைத் திரும்ப வைக்க முடியாது, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே வைத்து ஒப்பேற்றத்தான் முடியும்.

அவர்தான் என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸையும் கவனித்தார். அடிப்பக்கம் பெயிண்டைச் சுரண்டினால் நீளமாக வெல்டிங் வைத்த தழும்பு. எங்கள் வண்டியின் கேஸ் உடைந்ததே இல்லை. எப்போதோ கனெக்டிங் ராடு முறிந்து வெளியே வந்த வேறு ஏதோ வண்டியின் கேஸ் இது. மேலே இருந்த சிலிண்டர் மட்டும் எங்களுடையது. அதன் ஃபின் ஒன்று முன்பே உடைந்து பித்தளை வைத்து ஒட்டியிருந்தது, நான் அதைத்தான் அடையாளமாகப் பார்ப்பேன் என்று ரீஸ்டோர் செய்த பட்டறைக்காரருக்குத் தெரியும்.

கேஸ் வேறென்றால் அதன் மேல் இருக்கும் என்ஜின் எண் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? அப்பாவின் ஃபைலில் பதில் இருந்தது. ஆர்.சி. புதுப்பிக்கும்போது என்ஜின் எண், சேசிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள் அல்லவா, அதில் ஒரு பிரதியை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். அதில் 'எம்' கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அதற்குப் பிறகு வரும் 2 ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். இப்போது இருக்கும் எண்ணை அதேபோலத் தேய்த்துப் பார்த்தேன். எல்லா எழுத்தும் நேர்க்கோட்டில், ஒரே ஆழத்தில், புதுப் பஞ்ச்சில் அடித்தது. சுற்றிலும் அரம் போட்ட கீறல்.

பழைய எம்20 வாங்கப் போகிறவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாடலில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலையிலேயே வேறு வேறாகத்தான் வந்தன. இரண்டும் ஒரே எண் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

இது வெறும் உணர்ச்சி விஷயம் என்று சிலர் நினைக்கலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், ஏற்கெனவே பதிவு இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேசிஸிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத, அசல் நிலையில் இருக்கும் வண்டியாக இருக்க வேண்டும். நான் ரீஸ்டோர் செய்யக் கொடுத்ததே அந்தப் பதிவுக்காகத்தான். எண்ணை அரம் போட்டு மாற்றிய என்ஜினோடு எந்த அதிகாரி முன்னால் போய் நிற்பது? திருட்டு வண்டி என்று என்னைத்தான் பிடிப்பார்கள்.

காவல் நிலையத்தில் முதலில், "வேலை சரியில்லைன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க சார்" என்றார்கள். இரண்டு பென்சில் அச்சையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பேச்சு மாறியது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அழித்த எண்ணைத் தடய அறிவியல் கூடத்தில் அமிலம் தடவி மீட்டெடுக்க முடியும், அதனால் அந்த இடத்தில் உப்புத்தாள் போட வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். பட்டறைக்காரர் இப்போது ஃபோனை எடுப்பதில்லை. சமரசம் பேச வந்த ஆள் ஒருவர், "பழைய இரும்புக்கு எதுக்கு சார் இவ்ளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள் வண்டி இப்போது ஏதாவது பட்டறையில் இருந்தால் நாளைக்கே போய்ப் பாருங்கள். என்ஜின், சேசிஸ், கியர் பாக்ஸ் எண்களைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னட்டோ, டைனமோ, கார்புரேட்டர் மேல் இருக்கும் எழுத்துகளைக் கிட்டத்தில் படம் எடுங்கள். மாற்றும் ஒவ்வொரு பழைய சாமானும் கெட்டுப்போனதாக இருந்தாலும் திரும்ப வர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "எதுக்குண்ணே குப்பை?" என்று கேட்பார்கள், அந்தக் குப்பை எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். மேக்னட்டோ வண்டியானால், மீதிப் பணத்தை என்ஜினைப் பேட்டரி இல்லாமல் ஓட்டிக் காட்டிய பிறகு கொடுங்கள்.

இன்னொரு உதவி. எங்கள் கிராங்க் கேஸின் உள்பக்கம், டைமிங் மூடியைக் கழற்றினால் தெரிகிற இடத்தில், தாத்தா தன் பெயரின் முதல் எழுத்தான 'கோ'வை உளியால் கொத்தி வைத்திருந்தார். மேக்டைனமோவின் அடியிலும் அதே எழுத்து உண்டு. டெல்டாவிலோ திருச்சியிலோ சென்னையிலோ எம்20 சாமான் என்று யாராவது விற்க வந்தால் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணம் கொடுக்காமல், படம் மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆணையத்தில் அடுத்த வாய்தாவுக்குள் வந்தால் இன்னும் நல்லது.