ஆறு ஆண்டு வலியும் திருச்சியில் கிடைத்த மருத்துவமும்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கும் நான், கடந்த ஜனவரியில் பொங்கலை ஒட்டி மூன்று வார விடுப்பில் திருச்சிக்குப் போயிருந்தபோது, ஆறு ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வலிக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டேன். உடலுறவின்போது அடிவயிற்றின் ஆழத்தில் குத்துவதுபோல் எழுந்து, சில நாள் மறுநாள் மாலை வரையிலும் விலகாமல் நிற்கும் வலி அது. மாதவிடாய் நெருங்கும் நாள்களில் அது இரு மடங்காகும். லெஸ்டரில் என் குடும்ப மருத்துவரிடம் மாதவிடாய் வலியைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தேன். அவரும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, பெண்கள் நல நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைத்து, மாதக் கணக்கில் நீளும் காத்திருப்போர் பட்டியலில் என்னைச் சேர்த்திருந்தார். ஊரில் பணம் கட்டினால் நாளைக்கே நிபுணரைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் விமானம் ஏறினேன்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. வந்த மூன்றாம் நாளே ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் கிடைத்தது. ஆனால் என் முறை வந்து உள்ளே போனபோது, அடுத்த டோக்கன்காரரும் அவருடைய மாமியாரும் அதே அறையில், மருத்துவரின் மேசைக்கு நான்கு அடி தள்ளிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். படுக்கையை மறைக்கத் திரை இருந்தது, பேச்சை மறைக்க எதுவும் இல்லை. மருத்துவர் என் கணவரைப் பார்த்து, "கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்? இன்னும் குழந்தை இல்லையா?" என்று கேட்டார். நான் வயிற்று வலி என்று மட்டும் சொன்னேன். "ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல மனத்தோடுதான் அவர் அப்படிச் சொன்னார் என்றாலும், அந்த அறிவுரை தவறானது. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி தணியலாம், பிறகு திரும்பவும் வரலாம். என் வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்ட, கருப்பைக்கு வெளியே அதன் உள்வரிச்சவ்வு போன்ற திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயைக் குணப்படுத்துவதற்காகவே கர்ப்பம் தரிக்கும்படி நோயாளிக்கு அறிவுறுத்தக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது.

ஸ்கேன் சென்டரின் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்படமாட்டாது என்ற அறிவிப்புப் பலகையின் கீழே உட்கார்ந்து, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன், "யூரின் முட்டுதா அக்கா?" என்று வரவேற்பிலிருந்த பெண் கூடம் முழுவதும் கேட்கும்படி இரண்டு முறை விசாரித்தாள். முதலில் வயிற்றின் மேலாகவும், பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் பிறப்புறுப்பின் வழியாகவும் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அறிக்கை கைக்கு வந்துவிட்டது. கருப்பை இயல்பு, சினைப்பைகள் இயல்பு. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது, ஏனென்றால் ஆறு ஆண்டு வலியை என் கற்பனை என்று அந்தத் தாள் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதை விளக்கியவர், என் சிநேகிதி சொல்லி ஐந்தாம் நாள் மாலையில் போய்ப் பார்த்த இரண்டாவது மருத்துவர். கணவரை வெளியே உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர், மாதவிடாய் பற்றி நாலு கேள்வி கேட்டபின், மாத்திரை பெயர் கேட்கும் அதே குரலில், "சேரும்போது வலிக்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆரம்பத்துலயா, உள்ளே ஆழத்துலயா? எந்தப் பக்கம் திரும்பினா அதிகமாகுது? பீரியட்ஸ் நேரத்துல மோஷன் போகும்போது வலி இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கேட்டவை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆறு ஆண்டுகளில் ஒருவரும் கேட்காததால், அவை பதில்கள் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பரிசோதனைக்குப் பிறகு, என் அனுமதியைக் கேட்டுக்கொண்டு கணவரை உள்ளே அழைத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்த கத்தரிக்காய் போலக் கருப்பையை வரைந்தார். அதன் கழுத்திலிருந்து பின்புறம் இடுப்பெலும்பை நோக்கிப் போகும் இரண்டு தசைநார்களைக் கோடுகளாக இழுத்து, ஓரிடத்தில் பேனாவை மை ஊறும்வரை அழுத்தினார். கருப்பையின் உள்வரிச்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் அந்தப் பின்புறக் குழியிலும் தசைநார்களிலும் சினைப்பைகளிலும் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். அந்த இடம் அழற்சியால் தடித்து, பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது, உறவின் போது ஏற்படும் அழுத்தம் நேராக அங்கே போய் இழுக்கிறது. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட் இருந்தால் ஸ்கேனில் தெரியும். வயிற்றின் உட்புற உறையின் மேல் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் தெரியாது. பரிசோதனையும் ஸ்கேனும் இயல்பாக இருப்பதை வைத்து இந்நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்கிறது என்பதை லெஸ்டர் திரும்பியபின் படித்தேன். உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

எனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அது என் மதிப்பில் அவரை உயர்த்தியது. தொடக்கத்திலேயே எரிச்சலாக வலித்தால் வறட்சி, தொற்று, பிரசவத் தையலின் தழும்பு, தசை தானாக இறுகிக்கொள்ளும் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றும், ஆழத்தில் வலித்தால் இடுப்புக்குழி அழற்சி, சினைப்பைக் கட்டி, கருப்பைச் சுவருக்குள்ளேயே திசு வளரும் அடினோமயோசிஸ் ஆகியவையும் காரணமாகலாம் என்றும் சொன்னார். வலிக்குமோ என்ற பயத்தில் இடுப்புத்தளத் தசை முன்கூட்டியே இறுகுவதால், முதற்காரணத்துக்கு மருந்து எடுத்த பின்னும் வலி நீடிக்கக்கூடும் என்பதால், அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார்.

வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையை இந்தப் பயணத்திலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டேன். அறுவைக்கு இடம் இருந்தும் அவர் வேண்டாம் என்றார். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்குப் பின் காயம் ஆறவும், எடுத்த திசுவின் சோதனை முடிவைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கவும் நாள் வேண்டும். ஒட்டுகள் குடலில் இருப்பது தெரிந்தால் குடல் அறுவை நிபுணரும் உடனிருக்க வேண்டும். விமானச் சீட்டின் தேதிக்குள் அடக்கிச் செய்யும் வேலை அல்ல அது. மருந்தைத் தொடங்கிப் பார்க்க அறுவையால் உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. இப்போதைக்குக் குழந்தை வேண்டுமா என்று இருவரிடமும் கேட்டார். ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்க முயலக் கூடாது என்பதால் அந்தக் கேள்வி. ஓராண்டு தள்ளிப்போடலாம் என்று முடிவெடுத்த பிறகே டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், இடைவெளி விடாமல் தினம் ஒன்று என்று எழுதினார். முதல் சில மாதங்கள் ஒழுங்கற்ற இரத்தப்போக்கு இருக்கலாம், மனச்சோர்வு வந்தால் உடனே சொல்ல வேண்டும், கருத்தடைக்கு இதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

ஊருக்குக் கிளம்பும் சகோதரிகள் முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் வலித்தது என்று இரண்டு மாதத்துக்காவது எழுதி எடுத்துப் போங்கள். அறையில் வேறு ஆள் இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நான் அந்த முதல் மருத்துவமனையில் கேட்டிருக்க வேண்டும். திருமணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேலான ஸ்கேனோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள் என்பதால், அது இயல்பு என்று வந்தாலும் அவளுடைய வலியை யாரும் தள்ளிவிடக் கூடாது. என் சித்தி மகளுக்கு இதை விளக்கவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அவள் பள்ளி நாள்களிலிருந்தே மாதம் இரண்டு நாள் சுருண்டு படுப்பவள், வீட்டில் உடம்புச் சூடு என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும் முன்தினம் அந்த மருத்துவர், லெஸ்டரில் கொடுப்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஸ்கேன் படங்களோடு உறையில் போட்டுக் கொடுத்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. உடலுறவின்போது ஆழமான வலி, ஆறு ஆண்டுகளாக, என்பதுதான் அதன் முதல் வரி. குடும்ப மருத்துவர் அதைப் படித்துவிட்டு, என்னிடம் இதைக் கேட்காமல் விட்டதற்கு வருத்தம் தெரிவித்து, நிபுணருக்கான பரிந்துரையில் அந்த வரியைச் சேர்த்து மறுபடியும் அனுப்பியிருக்கிறார்.