தேய்மானக் கணக்கு தொலைந்தால்: பழைய ரிட்டர்னா, வீடு வாங்கிய காகிதமா?

அமெரிக்காவில் வாடகைக்கு விட்ட வீட்டை விற்கும்போதுதான் பலரும் பழைய தேய்மானக் கணக்கைத் (கட்டடத்தின் விலையில் ஆண்டுதோறும் வாடகை வருமானத்திலிருந்து கழித்த பங்கு) தேடுகிறார்கள். வழி இரண்டு.

ஒன்று, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் கேட்பது. டிரான்ஸ்கிரிப்ட் (பதிவின் சுருக்கம்) இலவசம், ஆனால் ரிட்டர்ன் (நீங்கள் தாக்கல் செய்த வரிக் கணக்கு) டிரான்ஸ்கிரிப்ட் நடப்பு ஆண்டுக்கும் முந்தைய 3 ஆண்டுகளுக்கும்தான். படிவம் 4506 அனுப்பிக் கட்டணம் கட்டினால் ரிட்டர்னின் முழு நகல் வரும், பொதுவாக 7 ஆண்டுகள் வரை. 2009-ல் வாடகைக்கு விட்ட வீட்டின் முதல் கணக்கு அதில் கிடைக்காது.

இன்னொன்று, கணக்கைத் திரும்பப் போடுவது. எனக்கு இதுதான் பிடிக்கும். வாங்கியபோது கொடுத்த செட்டில்மென்ட் தாளில் (அப்போது அதன் பெயர் ஹெச்யூடி-1) விலை இருக்கும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. அதனால் கவுன்டி அசெசர் (சொத்து மதிப்பிடும் உள்ளூர் அதிகாரி) பதிவில் நிலம், கட்டடம் இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். விலை 2,75,000 டாலர், கட்டடம் 80 சதவீதம் என்றால் 2,20,000. வாடகை வீட்டின் தேய்மானம் 27.5 ஆண்டுகளுக்கு என்பதால், அதை 27.5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 8,000. ஜூலையில் வாடகைக்கு விட்டிருந்தால் முதல் ஆண்டுக்கு ஐந்தரை மாதம்தான் (தொடங்கிய மாதம் அரை மாதமாகவே கணக்காகும்), சுமார் 3,667 டாலர். அப்புறம் கூரை மாற்றியது போன்ற பெரிய செலவுகளுக்குத் தனிக் கணக்கு.

சரி, அப்படியென்றால் பழைய ரிட்டர்ன் வேண்டாமா? வேண்டும். உண்மையில் எவ்வளவு கழித்தீர்கள் என்பதை அதுதான் சொல்லும். கழிக்காமலே விட்டிருந்தாலும், கழித்திருக்க வேண்டிய தொகையை விற்கும்போது ஐஆர்எஸ் கணக்கில் எடுக்கும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால் படிவம் 3115 (கணக்கு முறையை மாற்றும் விண்ணப்பம்) பற்றி வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.