வெடித்த சிலிண்டர் ஹெட்: பித்தளையா, வெல்டிங்கா, எபாக்சியா?

கோடை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் மாதங்களில் பர்மாவின் பெகு, தட்டோன் பக்கத்துப் பட்டறைகளுக்கு விரிசல் விட்ட ஹெட், அதாவது எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடி, வந்துகொண்டே இருக்கும். சீனத்து ஒற்றை சிலிண்டர் டீசல் பலவற்றில் ரேடியேட்டர் கிடையாது. மேலே உள்ள தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் எஞ்சின் சூடு தணிகிறது. ராத்திரி ஓட விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் தொட்டி வற்றிவிடும். பதறி எழுந்தவர் வாய்க்காலில் ஒரு வாளி மொண்டு ஊற்றுவார். அத்தோடு ஹெட் போச்சு.

அடுத்த கேள்வி, எதை வைத்து ஒட்டுவது. எது பலமானது என்று ஆளுக்கொரு கட்சி கட்டுவார்கள். ஹெட்டைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. விவரம் தெரிந்த பட்டறைக்காரர் முதலில் கேட்பது, "தண்ணிப் பக்கமா, நெருப்புப் பக்கமா?" என்றுதான். தண்ணீர்ப் பக்கத்தில் அழுத்தம் குறைவு, லாரி ரேடியேட்டர் மூடியே தாங்குவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ சுமார். டீசல் எரியும் அறையிலோ அழுத்தம் 60 கிலோவுக்கு மேல் போகும், கூடவே நெருப்பும். இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படி வேலை செய்யும்?

விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். ஹெட்டைக் கழுவிக் காயவைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பொடியைத் தூவினால் உள்ளே ஊறிய எண்ணெய் மெல்ல எழும்பி, வெள்ளையில் கறுப்பு நூல் போலக் கோடு தெரியும். கண்ணுக்கு ஒரு அங்குலமாகத் தெரிந்த விரிசல் இரண்டு அங்குலமாக நீளும். அந்த இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டால் மேற்கொண்டு ஓடாது. ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினிய ஹெட், இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

எபாக்சியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரும்புத்தூள் கலந்த நல்ல எபாக்சி, வெளிச்சுவரில் தண்ணீர் கசியும் மெல்லிய விரிசலுக்கும் தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்தில் அரித்த குழிக்கும் போதும். சொரசொரப்பாக அராவி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து, ஒரு முழு நாள் காயவிட வேண்டும். டப்பாவில் 280 டிகிரி தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வால்வு உட்காரும் வளையமான வால்வு சீட் பக்கம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பூசியது சைலன்சர் வழியாக வெளியே போய்விடும்.

பித்தளைதான் நம் ஊருக்கு ஏற்ற வேலை என்பது என் கட்சி. காரணம் இரும்பிலேயே இருக்கிறது. வார்ப்பிரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கரி, பெரும்பாலும் கிராஃபைட் செதில்களாக. அதை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் கரி செதிலாகப் பிரிய நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். வார்ப்பிரும்பு உருக 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும். பித்தளை ராடு 900 டிகிரிக்குள் உருகிவிடுவதால் ஹெட் உருகாமலேயே ஒட்டு விழுகிறது. கேஸ் சிலிண்டர் இருந்தால் போதும், கரண்டை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் கை பழகிய வேலை. கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் கிராஃபைட் இழுவி மேலே பூசிக்கொள்ளும், பித்தளை ஒட்டாமல் உருண்டு ஓடும். உளியும் அரமும் வைத்து விரிசலை அகலப்படுத்தி வாய் வெட்டுவதே நல்லது. ஊறிக்கிடக்கும் எண்ணெய் எரிந்துபோகும்வரை முதலில் சுட வேண்டும். கரி அடுப்பில் ஹெட் முழுவதையும் சூடாக்கி, பிறகு ஒட்டும் இடத்தை மட்டும் கேஸில் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்து வெண்காரம் போட்டால், பித்தளை தண்ணீராகப் பரவி விரிசலுக்குள் இறங்கும். வெள்ளைப் புகை எழும்பினால் சூடு மிஞ்சி துத்தநாகம் எரிகிறது என்று பொருள். நெருப்பைத் தள்ளிப் பிடியுங்கள், அந்தப் புகை உள்ளே போனால் ராத்திரி காய்ச்சல் வரும். ஆறவைக்க இங்கே நமக்கு ஒரு வசதி, ரைஸ் மில்லில் கிடைக்கும் உமிச் சாம்பல். அதற்குள் புதைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும்போதும் கதகதப்பு இருக்கும்.

பித்தளை தோற்கும் இடம் இரண்டு வால்வுக்கு நடுவே உள்ள பாலம். சூட்டில் பித்தளை வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும், 250 டிகிரி தாண்டினால் பலமும் இறங்கிவிடும். புகை போகும் வால்வு ஓரம் அதைவிடச் சூடு. அங்கே பித்தளை வைத்து வாங்கிப்போன ஹெட் அடுத்த அறுவடைக்குள் திரும்பி வந்துவிடும்.

அங்கேதான் வெல்டிங். அதிலும் இரண்டு வகை. வால்வு, அது ஏறி இறங்கும் குழலான கைடு எல்லாம் கழற்றிவிட்டு ஹெட் முழுவதையும் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வார்ப்பிரும்பு ராடாலேயே கேஸில் உருக்கி நிரப்புவது முதல் வகை. ராடு கிடைக்காத இடத்தில் பழைய பிஸ்டன் ரிங்கை உருக்குகிறவர்கள் உண்டு. ஒரு பகல் ஒரு ராத்திரி ஆறவிட்டு, வால்வு சீட் போட்டு, எஞ்சினோடு பொருந்தும் முகத்தைக் கடைய வேண்டும். சரியாகச் செய்தால் இதுதான் அசலுக்குப் பக்கத்தில் வரும். செய்கிறவர்தான் குறைவு.

இன்னொன்று நிக்கல் ராடு வைத்து ஆர்க்கில், அதாவது கரண்ட் வெல்டிங்கில், ஒட்டுவது. நிக்கல் கரியோடு சேர்ந்து கடினமாவதில்லை. ஒரு அங்குலம் ஒட்டி, சூடு இருக்கும்போதே சின்னச் சுத்தியலால் தட்டி, கை வைக்கும் அளவு ஆறும்வரை காத்திருந்து அடுத்த அங்குலம். அவசரக்காரருக்கு இது ஒத்துவராது. ராடு விலை அதிகம் என்று சாதா இரும்பு ராடில் ஒட்டுகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ஆறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல்.

எதை முதலில் செய்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். எபாக்சி பூசிய விரிசலில் மிச்சம் மீதி எரிந்து கசடாக நின்றால் பித்தளை பிடிக்காது. பித்தளை வைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் துத்தநாகம் கொதித்து ஓட்டை ஓட்டையாக விழும். ஆகையால் 'முதல்ல மலிவா ஒண்ணு பண்ணிப் பார்ப்போம்' என்பது வால்வுப் பக்க விரிசலுக்கு ஆகவே ஆகாது.

சூடே வைக்காமல், ஒன்றையொன்று கவ்வும் திருகு ஆணிகளை வரிசையாக இறக்கித் தைக்கும் முறையும் உண்டு. பெரிய கப்பல் எஞ்சின், ஜெனரேட்டர்களுக்கு அருமையான வழி. கிராமப் பட்டறையில் கேட்டுப் பயனில்லை.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் வால்வுப் பாலம் வெடித்திருந்தால் நான் எதையும் ஒட்டச் சொல்ல மாட்டேன். புது ஹெட் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். பழைய ஹினோ லாரி ஹெட் என்றால் கதை வேறு. மாற்று கிடைப்பது அரிது, கிடைப்பதும் வேறொரு வண்டியில் சூடேறிக் கழன்றதாக இருக்கும். அதற்குச் சூடான வெல்டிங் தெரிந்தவரைத் தேடி ரங்கூன் வரைக்கும் போனாலும் தகும். எதைச் செய்தாலும் மாட்டும் முன் முகத்தில் இரும்பு ஸ்கேல் வைத்து, இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை அடியில் விட்டுப் பாருங்கள், 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் முகம் கடைய வேண்டும். தண்ணீர் வழிகளை அடைத்து, வெந்நீரில் அமிழ்த்தி, காற்று ஏற்றிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.