லங்காவியா, பெர்ஹெந்தியானா?

லீவு வந்தால் மலேசியாவின் பினாங்கில் பல வீடுகளில் இதே கேள்விதான்: இந்த இரண்டு தீவுகளில் எதற்குப் போவது?

பயணம்: லங்காவிக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பெர்ஹெந்தியான் என்றால் கிழக்குக்கரை வரை காரோட்டி, அப்புறம் கோல பெசுட் படகுத்துறையில் படகு ஏற வேண்டும், வயதானவர்களுக்கு அந்தக் குலுக்கல் ஒத்துவராது.

கடல்: பெர்ஹெந்தியான்தான், பேச்சே இல்லை! இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே காலைச் சுற்றி மீன்கள் ஓடுவது தெரியும், கொஞ்சம் தள்ளிப் போனால் ஆமை. லங்காவியில் செனாங் கடற்கரை மணல் அருமை, தண்ணீர் கலங்கல். பவளம் பார்க்கப் பாயார் தீவுக்குத் தனிப்படகு எடுக்க வேண்டும்.

செலவு: லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, சாக்லேட் மலிவு, வாடகைக் காரும் கிடைக்கும். பெர்ஹெந்தியானில் கார் ஓட சாலையே இல்லை.

பருவம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெர்ஹெந்தியான் பெரும்பாலும் மூடிக்கிடக்கும், ஆண்டிறுதிப் பயணத்துக்கு லங்காவிதான்.

பாட்டி, கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் அதுதான் சரி. நீந்தத் தெரிந்த இளசுகள் ஏப்ரலுக்குப் பிறகு பெர்ஹெந்தியான் போங்கள், ரொக்கம் மறக்காதீர்கள்.