ராணுவத்தின் சவாலுக்கு யோசனை இருக்கிறது: ஐடெக்ஸா, டிஆர்டிஓவா?

"எங்கள் டீம் ஒரு ட்ரோன் செய்திருக்கிறது, ராணுவத்துக்குக் காட்ட யாரைப் பார்க்க வேண்டும்?" என்று பொறியியல் மாணவர்கள் கேட்டால், நான் முதலில் கேட்பது: கம்பெனி பதிவு செய்துவிட்டீர்களா?

இல்லையென்றால், ராணுவத்துக்கான ஆராய்ச்சியைச் செய்யும் அரசு அமைப்பான டிஆர்டிஓவின் 'டேர் டு ட்ரீம்' போட்டியில் தொடங்கலாம். அப்துல் கலாமின் நினைவாக நடக்கும் போட்டி. தனிநபருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பரிசு, ஸ்டார்ட்அப்புக்கு 10 லட்சம் வரை. முழுப் பொருளும் தயாராக இருக்க வேண்டியதில்லை, நல்ல யோசனை போதும். வென்றவர்கள் அதை மாதிரிக் கருவியாகச் செய்து பார்க்கவும் டிஆர்டிஓ கைகொடுக்கும்.

கம்பெனி இருந்தால் ஐடெக்ஸ். ராணுவத்துக்கான புதுக் கண்டுபிடிப்புகளுக்கு மானியம் தரும் பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டம் இது. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் பிரதமர் தொடங்கிவைத்தது. இதன் பலம் பணத்தைவிட, கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதில்தான். 'எங்களுக்கு இந்தச் சிக்கல், தீர்த்துக்கொடுங்கள்' என்று முப்படைகளே சவாலை எழுதித் தருகின்றன. உருவாக்கிய கருவி சோதனையில் தேறினால் அதே படை அதை வாங்கவும் வழி இருக்கிறது. பரிசோடு கதை முடிந்துவிடுவதில்லை.

மானியம் 1.5 கோடி வரை, இதன் பெரிய வடிவமான ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை, 2024-இல் வந்த அதிதி என்ற துணைத் திட்டத்தில் 25 கோடி வரை. ஆனால் இது செலவில் பாதிதான், மீதியை நீங்கள் போட வேண்டும். அதுவும் வேலை நகர நகரத் தவணையாகத்தான் வரும். தனிநபரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், படித்து முடித்த கையோடு வரும் இளைஞரால் அந்தப் பாதியைத் திரட்ட முடியுமா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் தனியாக இறங்காமல், ஐடெக்ஸுடன் இணைந்த கோவை கொடிசியா மையம் போன்ற ஓர் இன்குபேட்டரை, அதாவது புது நிறுவனங்களைக் கைபிடித்து வளர்க்கும் மையத்தை, முதலில் பிடியுங்கள் என்பேன்.

டிஆர்டிஓவிடமே தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி என்று இன்னொன்றும் உண்டு. ஒரு திட்டத்துக்கு 50 கோடி வரை, செலவில் 90 சதவீதம் வரை தருகிறார்கள். கணக்குப்படி இதுதான் தாராளம். பல்கலைக்கழகமும் சேரலாம், ஆனால் அதன் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்னால் நிற்பது தொழில் நிறுவனமாக இருக்க வேண்டும். அறிவுசார் உரிமை டிஆர்டிஓவுக்கும் உங்களுக்கும் கூட்டு. அந்தத் தொழில்நுட்பம்தான் உங்கள் முழு மூலதனம் என்றால் கையெழுத்துக்கு முன் நன்றாக யோசியுங்கள்.

சரி, என் தேர்வு? ஸ்டார்ட்அப்புக்கு ஐடெக்ஸ்தான், பாதிச் செலவைச் சுமக்க வேண்டியிருந்தாலும். வாங்கப்போகிறவர் யார் என்று முதல் நாளிலேயே தெரிந்து வேலை செய்வது அவ்வளவு பெரிய பலம்.

மாணவர்களுக்கு மட்டும் எனக்கு ஓர் ஆசை மிச்சம் இருக்கிறது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டில் 'ஹேக்கிங் ஃபார் டிஃபென்ஸ்' என்ற வகுப்பு தொடங்கியது. மாணவர்கள் ஒரு நிஜமான பாதுகாப்புச் சிக்கலை எடுத்துக்கொண்டு, அதோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களை வாராவாரம் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் தீர்வுக்கே போவார்கள். நம் கல்லூரிகளின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் அப்படி ஒரு சிப்பாயின் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும்.