நைட்ரோவா, நைட்ரிட்டோவா?

கோபால்ட்டின் பென்டாஅம்மீன் அணைவில் (கோபால்ட் அயனியோடு ஐந்து அம்மோனியா மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) நைட்ரைட் ஈனி (உலோகத்தோடு பிணையும் NO₂⁻ அயனி) நைட்ரஜன் வழியே பிணைந்தால் மஞ்சள் பழுப்பு நிற நைட்ரோ. ஆக்சிஜன் வழியே பிணைந்தால் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு நைட்ரிட்டோ. தயாரிப்புக்கான மூலப்பொருள்கள் ஏறக்குறைய ஒன்றே. கரைசலைக் குளிரவைத்தே வடித்தால் நைட்ரிட்டோ கிடைக்கும். சூடாக்கி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் நைட்ரோ.

நிறத்தை மட்டும் நம்புவது எனக்கு உவப்பில்லை. அகச்சிவப்பு நிறமாலைதான் உறுதியான சாட்சி. நைட்ரோவில் இரண்டு நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்புகளும் சமம். அதனால் நீட்சிப் பட்டைகள் (பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வுக்கான உறிஞ்சல்கள்) சுமார் 1430, 1315 செ.மீ⁻¹ என அருகருகே விழுகின்றன. நைட்ரிட்டோவில் ஒன்று இரட்டைப் பிணைப்பின் சாயல், மற்றது ஒற்றை. பட்டைகள் சுமார் 1460, 1065 என வெகுதூரம் விலகிவிடும்.

நைட்ரோ நிலைத்திருக்கும். நைட்ரிட்டோ திடநிலையிலும் மெல்ல நைட்ரோவாக மாறும் என்பதால், நிறமாலையை அன்றைக்கே பதிவு செய்துவிட வேண்டும்.